மஜீத் காக்கா பெயரில் ஒரு கார்

போன மாதம் ஒரு பிற்பகல், நான் வேலை பார்த்த மோட்டார் வாகனப் பதிவுக் கந்தோரில் இப்போது வாகனப் பரிசோதகராக இருக்கும் ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். நிறுத்தியிருந்த வாகன இறக்குமதியைத் திறந்துவிட்ட நாள் முதல் அவருக்குத் தேநீர் குடிக்கவும் நேரமில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். சலாம் சொன்ன கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சேர், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்திரிக்கி. பாத்தா எங்கட மூத்தவாப்பா காலத்துக் கார். ஆனா அதச் செஞ்ச கொம்பனியே பழைய வரைபடத்த எடுத்து இப்ப திரும்பச் செஞ்சி விக்கிறானாம். இது பழசா, புதுசா? எந்த வருஷத்தப் போடுற?"

"எந்த வருஷம் செஞ்சானோ அந்த வருஷம். கொம்பனி செஞ்சாலும் சரி, வேற ஒருத்தன் அதப் பாத்துச் செஞ்சாலும் சரி, உருவம் பழசு, வாகனம் புதுசு. உருவத்துக்கு நாங்க இலக்கம் குடுக்கிறல்ல."

அவருக்கு நிம்மதி. "இதெல்லாம் ஒருக்கா எழுதித் தாங்க சேர், எங்களுக்கு ஒதவும்" என்று கேட்டுவிட்டு வைத்தார். எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். விதிகள் ஒன்றும் வரவில்லை. சாய்ந்தமருது மஜீத் காக்காவின் முகம்தான் வருகிறது. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். சுற்றுநிருபங்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நான் இவரைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் படித்தேன், பரீட்சை எழுதினேன், கொழும்புக்கு வரச் சொன்னார்கள். தட்டுத் தடுமாறிப் பழகிய சிங்களம், விடுதிச் சோறு, எண்ணெய்க் கறை போகாத நகம், இவ்வளவுதான் அந்த வருஷங்கள். லீவு கிடைத்தால் பஸ் ஏறி ஊருக்கு வருவேன். கல்யாணம் முடித்த பிறகு இறங்குகிற இடம் மாறியது. பிறந்தது மருதமுனை, மனைவியின் வீடு கல்முனைக்குடி. எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடையே ஆண் கல்யாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குத்தான் போவான். அந்த வீட்டை அவளுடைய வாப்பா கட்டி, அவள் பெயரில் எழுதிக் கொடுத்திருப்பார். போனவன் பிறகு தன் மகள்மாருக்குக் கட்டுவான். இதில் எனக்குக் குறையொன்றும் தெரிந்ததில்லை. வெளியாள் ஒருவருக்கு இதை விளக்க வேண்டி வந்த நாளில்தான் நான் முதன்முதலாக யோசித்தேன்.

அந்த வெளியாள் குலநாயகம் ஐயா. எனக்கு மேலே இருந்த தலைமைப் பரிசோதகர், யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேட்டு. எண்ணெயிலும் கிறீஸிலும் புரளும் வேலையில் அந்தச் சேட்டு எப்படி வெள்ளையாகவே இருந்தது என்று எங்களுக்குள் ஒரு ஆராய்ச்சியே நடந்தது. அவர் வாகனம் பார்க்கும் விதம் தனி. மற்றவர்கள் வந்ததும் பொனட்டைத் திறப்பார்கள். ஐயா வாகனத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கொண்டுவந்தவரிடம், "சொல்லுங்கோ, இது எங்கையிருந்து வந்தது?" என்று கேட்பார். அவர் சொல்லி முடிக்கும்வரை இடையில் வாய் திறக்க மாட்டார். பொய் சொல்ல வந்தவர்கள் அந்த மௌனம் தாங்காமல் தேவையில்லாததையும் கதைத்து மாட்டிக்கொள்வார்கள். எல்லாம் கேட்ட பிறகு, "சரி, இனி வாகனம் கதைக்கட்டும்" என்று திரும்புவார்.

சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தம் இருக்கும். வாகனத்தின் வெளிக்கூடான பொடியில் அதை வைத்துப் பார்ப்பார். பூச்சுக்குள்ளே இரும்பு இருக்கிறதா, பூசி மறைத்த பள்ளம் இருக்கிறதா என்று அது சொல்லிவிடும். அடுத்தது அடிச்சட்டமான சேசியில் குத்திய இலக்கம். அந்த இடத்தைத் தின்னரால் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்க வேண்டும். இலக்கம் தாளில் எழும்பி வரும். யாராவது பழைய இலக்கத்தை அராவிவிட்டுப் புதியது குத்தியிருந்தால், எழுத்தைச் சுற்றி அரத்தின் கீறலும் சேர்ந்து எழும்பும். ஐயா அந்தத் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறும் கண்ணால் பார்ப்பார். நான் அவரிடம் படித்த பெரிய பாடம் ஒரு சொல்லைப் பற்றியது. என் முதல் அறிக்கையில், 'பழைய வாகனம் போலத் தெரிகிறது' என்று எழுதியிருந்தேன். சிவப்புப் பேனையால் ஒரே கோடு.

"ஐசே, போல எண்டு எழுதாதையும். தெரிஞ்சதை எழுதும். தெரியாட்டி, தெரியாது எண்டு எழுதும்."

அப்படிப்பட்டவரிடம்தான், மேலிருந்து கீழ்வரை எல்லாமே 'போல' ஆன ஒரு கார் வந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்து வாகன வளவில், ஜீப்புகளுக்கும் வான்களுக்கும் நடுவில் நின்றது. தரையோடு தரையாகப் பதிந்த கரும்பச்சைக் கார். கூரை இல்லை, நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரம், இரண்டே இரண்டு இருக்கை. அறுபது வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரர்கள் பந்தயம் ஓடிய ஒரு காரின் அச்சு அசல் உருவம். பழைய கார் என்று எடுத்துக்கொண்டால், அவ்வளவு பழையதை நாட்டுக்குள் விட விதியில்லை. வளவில் எல்லோரும் அதைச் சுற்றி நின்று, திருப்பி அனுப்பத்தான் போகிறார்கள் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்.

காருக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் நின்றார். அறுபதை நெருங்கிய வயது. விரல் நுனிகள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன. என் பெயர்ப் பட்டியைப் பார்த்து ஊர் விசாரித்தார். கல்முனை என்றதும் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. ஐயா வழமைபோல் காருக்கு முதுகைக் காட்டி நின்று கேட்டார். மஜீத் காக்கா சொன்னார்.

"நான் சாய்ந்தமருது சேர். ஊர்ல இரிக்கக்க பைபர் தோணி வார்த்த. பொறகு சார்ஜாவுக்குப் போன. அங்க ஒரு பட்டறையில பழைய ரேஸ் கார்ர உருவத்துல புதுசாக் கார் செஞ்சி அறபிகளுக்கு விக்கிறாங்க. பொடிய பைபர்ல வார்க்கிறது என்ட வேல. தலைமுடி நரைக்கிற மட்டும் அங்கதான். கடைசியா வரக்க முதலாளி கேட்டான், ஒனக்குச் சேர வேண்டிய காசத் தரட்டா, இல்லாட்டி நீயே ஒரு கார் செஞ்சி எடுத்துக்கிட்டுப் போறியா எண்டு. நான் காரக் கேட்டன்."

ஐயா திரும்பவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"காசெண்டா அது ஊட்டுக்குப் போயிரும் சேர். மூணும் பொம்புளப் புள்ள. மூணு பேருக்கும் ஊடு கட்டிக் குடுத்திட்டன். ஒரு ஊட்டக் கடல் கொண்டு போச்சி, அதையும் திரும்பக் கட்டின. எல்லாம் அவங்கட பேர்ல. என்ட பேர்ல ஒரு சைக்கிளும் இல்ல. சாகிறதுக்குள்ள ஒரு சாமானாவது என்ட பேர்ல இரிக்க வேணும் சேர். அவ்வளவுதான்."

"சரி," என்றார் ஐயா. "இனி வாகனம் கதைக்கட்டும்."

காந்தம் பொடியில் ஒட்டவில்லை. சுண்டினால் தோணியைச் சுண்டிய சத்தம். சேசி புதுக் குழாய் இரும்பு, ஒட்டுகள் சுத்தமாக இருந்தன. நான் பென்சில் தேய்த்து எடுத்தேன். பட்டறை குத்திய இலக்கம், அரக் கீறல் இல்லை. எஞ்சின் ஒரு ஜப்பான் காருடையது, புகைச் சோதனையில் தேறியது. ஸ்டேரிங் வலப்பக்கம். அதைப் பார்த்ததும் ஐயா முதல்முறையாகக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். சார்ஜாவில் கார்களுக்கு ஸ்டேரிங் இடப்பக்கம். மற்ற எல்லாக் கார்களையும் இடப்பக்கத்துக்கு வார்த்த மனிதர் இதை மட்டும் எங்கள் நாட்டு வீதிக்கென்று வலப்பக்கம் வைத்திருக்கிறார். மூக்கின் நடுவில் கொம்பனிச் சின்னம் ஒட்டும் வட்டமான குழி வெறுமையாக இருந்தது.

"இதில இருக்க வேண்டிய பேர் எங்கை?"

"ஒட்டல்ல சேர். அறபிகளுக்குச் செய்யக்க ஒட்டுவாங்க, அது முதலாளிட பாடு. இது நான் செஞ்சது. அவங்கட பேர நான் எப்பிடி ஒட்டுற?"

அந்த ஒரு காரணத்தால்தான் கார் தப்பியது என்று இன்றைக்கும் நம்புகிறேன். சின்னம் இருந்திருந்தால், பழைய காரா, போலிச் சரக்கா என்று இழுபறி கிளம்பியிருக்கும். ஐயா காரின் பக்கத்திலேயே நின்று அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உற்பத்தி செய்தவர், சார்ஜாப் பட்டறை. உற்பத்தி வருஷம், பொருத்தி முடித்த வருஷம். புதிய வாகனம், கையால் செய்தது, இருவர் அமரலாம். 'போல' என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் இல்லை. மஜீத் காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஊரில் அவருடைய மனைவி, இரண்டு பேர் மட்டும் ஏறுகிற காரில் மற்றப் பிள்ளைகளை எங்கே இருத்துவது என்று கேட்டுத் தொலைபேசியில் ஏசிக்கொண்டிருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கும் முன்பே சிக்கல் வந்தது. ஐயா உள்ளே போய் மற்றத் தாள்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"வெளிநாட்டில உழைச்சவர் எண்டு இறக்குமதி அனுமதி வாங்கினது அப்துல் மஜீத். அது நீங்கள். கப்பல்காரன்ர தாளில சாமானுக்கு உரியவர் எண்டு நஸீஹா எண்டு கிடக்கு. ஆர் உது?"

"என்ட கடைசி மகள் சேர்." அவர் குரல் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

சார்ஜாவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சாமான் அனுப்பும் கடை வைத்திருந்தார். மஜீத் காக்கா வருஷக் கணக்காக அவரிடம்தான் ஓடு, கதவு, குளியலறைச் சாமான் என்று வீட்டுக்கு அனுப்பியவர். வீடு மகளுடையது என்பதால் சாமானும் மகள் பெயரில் போகும். காரை ஏற்றும்போதும் அந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. கைப் பழக்கத்தில் கடைசி மகளின் பெயரைப் போட்டுவிட்டார். மஜீத் காக்கா எங்கள் கந்தோர் வாசலில் நின்று அவருக்குத் தொலைபேசி எடுத்துச் சத்தம் போட்டார். மறுபக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"காக்கா, நான் வழமையா மகள்ட பேர்லதானே போடுற? ஒங்கட பேர்ல எண்டைக்கி ஒரு சாமான் போயிரிக்கி?"

மஜீத் காக்கா தொலைபேசியை வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றார்.

உள்ளே ஐயா என்னைப் பார்த்தார். "உங்கட ஊரில ஆம்பிளையளுக்குப் பேரே இல்லையோ, ஐசே?"

எனக்குச் சுர்ரென்றது. எங்கள் வழமையை அவருக்கு விளக்கினேன். விளக்கிக்கொண்டு போகும்போதே, என் வீட்டு மின்சாரப் பட்டியல் என் மனைவியின் பெயரில் வருவதும், காணி உறுதி அவள் பெயரில் இருப்பதும், நான் மேல்மாடி கட்டியதும் அவள் பெயரில்தான் என்பதும் வரிசையாக மனதில் வந்தன. ஐயா முழுக்கக் கேட்டார். "எங்கட பக்கமும் சீதனம் இருக்குத்தான்," என்றார் கடைசியில். "எண்டாலும் ஒரு மனுசன் தன்ர கையால செய்த காரையுமோ?"

வழி இரண்டு இருந்தது. ஒன்று, கப்பல் கொம்பனி மூலம் தாளைத் திருத்தி அவர் பெயருக்கு மாற்றுவது. அதற்கு மாதக் கணக்கில் ஆகும். அதுவரை கார் கடற்காற்றில் வளவில் நிற்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம், அடுத்த வரவு செலவுத் திட்டத்தோடு இந்த அனுமதியையே நிறுத்தப் போகிறார்கள் என்று கந்தோர் முழுக்கப் பேச்சு. நிறுத்தினால் காரைத் திருப்பி அனுப்புவார்கள், அல்லது ஏலத்தில் விடுவார்கள். இரண்டாவது வழி, அனுமதியை மகளுக்கு விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதிக் கொடுப்பது. சொந்தப் பிள்ளைக்கு என்றால் விதி இடம் கொடுத்தது. அந்த வாரமே பதிந்துவிடலாம். ஆனால் அப்படி எடுத்த வாகனத்தைச் சில வருஷங்களுக்கு வேறு பெயருக்கு மாற்ற இயலாது.

ஐயா இரண்டையும் அவருக்கு மெதுவாகச் சொன்னார். "மகள்தானே," என்றும் சொன்னார்.

"மகள்தான் சேர். உசிருதான். நான் ஒண்டும் சொல்லல்ல," என்றார் மஜீத் காக்கா. அஸருக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போனார். தொழுதுவிட்டு வந்து கையெழுத்து வைத்தார். அவர் வெளியே போக எழும்பியபோது குலநாயகம் ஐயாவும் கதிரையை விட்டு எழுந்து நின்றார். அமைச்சர் வந்தபோதும் மேசையில் எழுதிக்கொண்டே இருந்த மனிதர் அவர்.

பிறகு ஐயா ஓய்வில் போனார். நான் இடமாற்றம் வாங்கி ஊர்ப் பக்கத்துக் கந்தோருக்கு வந்தேன். கடற்கரை வீதியில் அந்தக் காரை அடிக்கடி காண்பேன். மஜீத் காக்கா ஓட்டுவார். பொலிசார் மறித்தால், மகள் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதத்தை எடுத்துக் காட்டுவார். "யார்ட கார்?" என்று கேட்டால், "மகள்ட" என்பார். ஒரு தரம் நானும் பக்கத்தில் நின்றேன். அந்த இளம் பொலிஸ்காரன், வயசு போன காலத்தில் மகளின் காரில் உல்லாசம் என்று பகிடி பண்ணினான். நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். மஜீத் காக்கா கண்ணால் வேண்டாம் என்றார்.

கொஞ்ச நாளில் நஸீஹாவின் கணவனான கடைசி மருமகன் அந்தக் காரைக் கல்யாணங்களுக்குக் கொடுக்கத் தொடங்கினான். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக இதைவிட வடிவான கார் எங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது? பைபரில் கீறல் விழுந்துவிடும் என்ற பயத்தில் மஜீத் காக்காவே சாரதியாகப் போவார். மல்லிகைப் பூமாலை போட்ட புதுமாப்பிள்ளை இடப்பக்கம், தொப்பி போட்ட இவர் வலப்பக்கம். ஒரு கல்யாண வீட்டு வாசலில் என்னைக் கண்டு பக்கத்தில் வந்தார்.

"எத்தின மாப்பிள்ளைய எறக்கிட்டன் சேர். எல்லாரும் சிரிச்சிக்கிட்டுத்தான் எறங்குறானுகள்," என்றார். சிரிக்கச் சொன்ன கதைதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெயர் மாற்றக் கூடாத காலம் முடிந்தது. அதை நாளெண்ணிக்கொண்டிருந்தது அவர் இல்லை, மகள் நஸீஹா. அந்தப் பிள்ளையை அதற்கு முன் நான் சரியாகப் பார்த்ததில்லை. பாடசாலையில் படிப்பிக்கிறவர். ஒரு காலையில் தானே காரை ஓட்டிக்கொண்டு, வாப்பாவைப் பக்கத்தில் இருத்திக் கந்தோருக்கு வந்தார். பெயர் மாற்றும் படிவத்தை வீட்டிலேயே நிரப்பி, கொடுப்பவரின் இடத்தில் கையெழுத்தும் வைத்திருந்தார்.

"சேர், வாப்பாட காரை வாப்பாட பேர்ல போட்டுத் தாங்க. இத்தின வருஷமா இது என்ட பேர்ல இரிக்கிறது எனக்குத் தொண்டைக்குள்ள முள்ளு."

மஜீத் காக்கா மெலிந்து போயிருந்தார். கழுத்து, சேட்டின் கொலருக்குள் ஆடியது. கதிரையில் இருந்து, மகள் நிரப்பிய படிவத்தை வாங்கிப் பார்த்தார். புதிய உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரை, தன் வாப்பாவின் பெயரோடு சேர்த்து, வாய்விட்டு வாசித்தார். "வடிவா இரிக்கி புள்ள," என்றார். பிறகு அதை இரண்டாக மடித்தார்.

"வேணாம் சேர். இரிக்கிறபடி இரிக்கட்டும்."

"என்ன வாப்பா சொல்றீங்க?"

"டொக்டர் என்ன சொன்னார் எண்டு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இண்டைக்கி என்ட பேர்ல எழுதினா, நாளைக்கி நான் மௌத்தாகிட்டா அது பங்குச் சாமான். எனக்கு ஆம்புளப் புள்ள இல்ல. மார்க்கப்படி தம்பிக்கும் பங்கு போகும். தம்பி நல்லவன்தான். ஆனா அவனுக்கும் புள்ள குட்டி இரிக்கி, கஷ்டம் இரிக்கி, கேப்பான். கேக்கிறது அவன்ட ஹக்கு, அவன்ட உரிம. காரப் பிச்சா பங்கு வைக்கிற? வித்துத்தான் வைக்க வேணும். ஒன்ட பேர்ல கெடந்தா ஒருத்தனும் வாய் தொறக்க ஏலா."

எனக்குக் கோபம் வந்தது. அதிகாரியாக இருந்து சொல்லக் கூடாததைச் சொன்னேன். "காக்கா, ஒரு நாளைக்காவது ஒங்கட பேர்ல போடுங்களேன். அவ்வளவு ஆசப்பட்ட நீங்கதானே?"

"அந்த ஒரு நாள்லயே நான் போயிட்டா சேர்?"

நஸீஹா மேசையில் தலை வைத்து அழுதார். மஜீத் காக்கா மகளின் முந்தானையைச் சரிசெய்துவிட்டு, மடித்த படிவத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு எழும்பினார். போகும்போதும் மகள்தான் ஓட்டினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவ்வளவு காலம் ஆசைப்பட்ட ஒன்றைக் கையில் கொடுத்தும் வாங்காமல் போகும் மனிதரை என்ன செய்வது? அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

மாரி தொடங்கும் முன் அவர் மௌத்தானார். ஜனாஸாவுக்கு ஊரே வந்தது. 'மனுசன் கடனும் வைக்கல்ல, சொத்தும் வைக்கல்ல, சுகமாப் போயிட்டார்' என்று பள்ளிவாசல் முற்றத்தில் சொன்னார்கள். ஒருவர் அதை மெச்சியே சொன்னார். நான் அங்கிருந்து விலகி நின்றேன்.

சில நாள் கழித்து, மௌலவி ஒருவரை வைத்துக் குடும்பம் கூடியது. மௌத்தானவர் விட்டுப் போனது ஏதும் இருந்தால் மார்க்கப்படி பங்கு வைக்க வேண்டும். இது எங்களில் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். வாகன விஷயம் தெரிந்த ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். மஜீத் காக்காவின் மனைவி, கணவன் மௌத்தானால் மனைவி ஒதுங்கியிருக்கும் இத்தாவில், திரைக்குப் பின்னால் இருந்தார். மகள்மாரும் அங்கேதான். இந்தப் பக்கம் மருமகன்மார், மஜீத் காக்காவின் தம்பி ஹனீபா, நான். ஹனீபாவைக் குறை சொல்ல மாட்டேன். தலை குனிந்து, தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"மர்ஹூம் விட்டுட்டுப் போன சொத்து என்ன?" மௌலவி கேட்டார்.

"ஒண்டும் இல்ல," என்றான் கடைசி மருமகன் உடனே. "ஊடெல்லாம் பொம்புளப் புள்ளையள்ட பேர்ல."

"கார் இரிக்கி." திரைக்குப் பின்னாலிருந்து நஸீஹாவின் குரல் வந்தது.

மருமகன் பதறிப்போனான். "அது ஒன்ட பேர்லதானே!"

"பேர் என்ட. கார் வாப்பாட. வாப்பா செஞ்சது, வாப்பாட காசி. எனக்கு எண்டு அவர் மனசால ஒரு நாளும் தரல்ல, வேற வழியில்லாமப் போட்ட பேர் அது. பங்கு வைங்க ஹசரத். சாச்சாக்கும் குடுங்க."

ஹனீபா நிமிர்ந்தார். "வேணாம் மகள்…" என்று தொடங்கினார், முடிக்கவில்லை. மௌலவி என் பக்கம் திரும்பினார்.

"சேர், நீங்கதான் இதப் பதிஞ்ச கந்தோர்ல இருந்த ஆள். சொல்லுங்க, யார்ட கார்?"

பதிவில் இருப்பது எனக்கு மனப்பாடம். அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்றும் தெரியும், மஜீத் காக்காவும் அதைத்தான் விரும்பினார். நான் பதிவைச் சொன்னால் கார் அந்த வீட்டில் நிற்கும். திரைக்குப் பின்னால் அந்தப் பிள்ளை விக்குவது கேட்டது.

"மஜீத் காக்காட கார்," என்றேன்.

கொழும்பிலிருந்து ஒருவர் வந்து விலை பேசி முடித்தார். லொறியில் ஏற்றும்போது கடைசி மருமகன் வெளியே வரவில்லை. விற்றவர் என்ற இடத்தில் நஸீஹாதான் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. வந்த பணத்தை மௌலவி சொன்னபடி மனைவிக்கும் மகள்மாருக்கும் தம்பிக்கும் பிரித்தார்கள். நான் பதிந்த காரின் புத்தகத்தில் இன்றுவரை அவர் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. ஆனால் அவருடைய கார் என்றுதான் அதை விற்றுப் பங்கு வைத்தார்கள்.